பத்து வட்டிக் கணக்கு

பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பணத்தைப் பற்றிச் சொல்லித்தர வருகிறவர்கள் பெரும்பாலும் சேமிப்பில்தான் தொடங்குகிறார்கள். சிக்கனமாக இரு, மிச்சம் பிடி, எதிர்காலத்தை நினை. நாவலூரிலும் தாழம்பூர், படூர், செம்மஞ்சேரிப் பக்கத்திலும் அந்தப் பேச்சு எடுபட்டதை நான் பார்த்ததில்லை. அங்கே அரசுப் பள்ளியில் வணிகவியல் பிரிவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பணம் புதிதல்ல. அம்மாவின் வளையல் எந்த அடகுக் கடையில் இருக்கிறது, வட்டி கட்டாவிட்டால் எப்போது மூழ்கும், தீபாவளிச் சீட்டில் இன்னும் எத்தனை மாதம் பாக்கி, தண்டல்காரர் வண்டியின் சத்தம் எது என்பதெல்லாம் அதற்குத் தெரியும். வாசலில் நின்று "அம்மா வேலைக்குப் போயிருக்காங்க" என்று சொல்லி ஆளைத் திருப்பி அனுப்பிய பிள்ளைகள் என் வகுப்பில் எப்போதும் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாதது கடனின் விலை. வீட்டில் யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்காத எண் அது.

முதுகலை ஆசிரியராக முப்பதாண்டுக்கு மேல் கணக்குப்பதிவியலும் வணிகவியலும் நடத்தினேன். தொடக்கம் தாம்பரம் பக்கம். பிறகு மாற்றலில் பழைய மகாபலிபுரம் சாலைக்கு வந்து, ஓய்வு பெறும்வரை அந்தப் பக்கமே இருந்துவிட்டேன். இப்போதும் சனிக்கிழமைகளில் நாவலூரில் ப்ளஸ் டூ பிள்ளைகளோடு உட்காருகிறேன். பணக் கணக்கைச் சொல்லித்தரும் இந்த வேலை பாடத்திட்டத்தில் இல்லாதது. தேர்வு முடிந்த பின்பும், மதிய இடைவேளையிலும், பழைய மாணவர்கள் சம்பளச் சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோதும் நடந்தது.

தொண்ணூறுகளில் எங்கள் பள்ளியில் சஞ்சாயிகா என்ற மாணவர் சேமிப்புத் திட்டம் இருந்தது. பிள்ளைகள் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் கொண்டுவந்து கட்டுவார்கள். ஆளுக்கொரு சின்னப் பாஸ்புத்தகம். சேர்ந்த தொகையை அஞ்சலகத்தில் போட்டுவைப்போம். ப்ளஸ் ஒன் வணிகவியல் மாணவர்கள் இரண்டு பேர் காசாளர்கள். அந்தத் திட்டத்தில் நிறையக் கற்றவர்கள் பணம் கட்டியவர்களல்ல, அந்த இரண்டு காசாளர்கள்தான். மாலையில் கையிருப்பில் எட்டணா குறைந்தாலும், மணியடித்த பிறகும் உட்கார்ந்து ஏட்டின் ஒவ்வொரு வரியாகத் தேடுவார்கள். அடுத்தவர் காசைக் கையில் வைத்திருக்கும்போது வரும் கவனம் தன் காசில் வருவதில்லை. இதைப் பார்த்துவிட்டு மாதத்துக்கு இரண்டு பேராகக் காசாளர்களை மாற்றத் தொடங்கினேன். வகுப்பில் பாதிப் பேருக்காவது அந்த நாற்காலி கிடைத்தது. பிறகு பல பள்ளிகளில் சஞ்சாயிகா மெல்ல மறைந்துபோனது. அதன் இடத்துக்கு அப்படி ஒன்று வரவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

பழைய மகாபலிபுரம் சாலைக்கு நான் வந்தபோது இரண்டு பக்கமும் வயல் தெரிந்தது. தரமணியில் டைடல் பார்க் 2000-இல் திறந்தது. அடுத்து சிறுசேரி சிப்காட் வளர்ந்தது. சாலைக்கு 2008-இல் ராஜீவ் காந்தி சாலை என்று பெயரும் மாறியது. அதற்குள் பல வீடுகளில் நிலம் கைமாறிவிட்டது. அதுவரை நெல் மூட்டையையும் பால் காசையும் பார்த்த வீட்டுக்கு ஒரே நாளில் லட்சக்கணக்கில் பணம் வந்தது. ப்ளஸ் ஒன் படிக்கும் பையன் புது பல்சரில் பள்ளிக்கு வருவான். அந்தப் பணம் எங்கே போனது என்பதைப் பல வீடுகளில் பக்கத்திலிருந்து பார்த்தேன். பெரும்பாலும் ஊதாரித்தனத்தில் போகவில்லை. அக்கா கல்யாணம், சித்தப்பாவுக்குக் கைமாற்று, ஐ.டி. கம்பெனிகளுக்கு ஓட்ட ஒரு கார், வீட்டுக்கு மேல் இன்னொரு மாடி என்று ஒவ்வொன்றும் நியாயமான செலவாகத்தான் போனது. ஒரு மாணவனின் தாத்தா மட்டும் ஒரு பங்கை அஞ்சலக மாதாந்திர வருமானத் திட்டத்தில் போட்டு, மாதா மாதம் போய் வட்டியை வாங்கி வந்தார். "நெலம் குடுத்த மாதிரி இதுவும் குடுக்கணும்" என்று அவர் சொன்னதை அந்தப் பையன் வகுப்பில் சொன்னான். முதலைத் தொடாமல் விளைச்சலை மட்டும் எடுப்பது என்பதை அதைவிடத் தெளிவாக நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை.

தண்டல் கணக்கை முதன்முதலில் கரும்பலகையில் போட வைத்தவள் ஒரு மாணவி. அவள் அம்மா கேளம்பாக்கத்தில் மீன் விற்றார். "பத்தாயிரம் வாங்கினா எட்டாயிரத்து ஐந்நூறு கைக்குக் குடுப்பாங்க மிஸ். ஒரு நாளைக்கு நூறு ரூபா, நூறு நாள். பதினஞ்சு பெர்சென்ட்தானே?" என்று கேட்டாள். வகுப்பே ஆமென்றது. பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு பதினைந்து சதவீதம்தானே என்று அவர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

அன்றைக்கு வேறு பாடம் நடத்தவில்லை. முதல் நாள் அம்மா கையில் இருப்பது 8,500. கடைசி நாள் ஒன்றுமில்லை. தினமும் கட்டுவதால் கடன் குறைந்துகொண்டே வருகிறது. ஆக நூறு நாளும் சராசரியாக அவரிடம் இருந்த கடன் 4,250 ரூபாய் அளவுதான். அந்த 4,250-க்கு நூறு நாளில் 1,500 ரூபாய் வட்டி. முப்பது நாளுக்கு 450. நூற்றுக்கு எவ்வளவு என்று பார்த்தால் மாதம் பத்து ரூபாயை ஒட்டி வரும். நுட்பமான சூத்திரத்தில் போட்டாலும் அதே பத்துதான். நம் ஊர்ப் பேச்சில் பத்து வட்டி. ஆண்டுக்கு 120 சதவீதம்.

"பத்து வட்டியா!" என்று ஒரு பையன் எழுந்தே நின்றுவிட்டான். இரண்டு வட்டி பரவாயில்லை, மூன்று வட்டி ஜாஸ்தி, ஐந்து வட்டி ஆளை விழுங்கிவிடும் என்று அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். ஆண்டுக்கு 120 சதவீதம் என்று நான் சொன்னபோது யாரும் அசையவில்லை. பத்து வட்டி என்றதும் அசைந்தார்கள். அன்றிலிருந்து எந்தக் கடனையும் நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்று மாற்றி எழுதித்தான் பேசுவேன். பாடப்புத்தகம் ஆண்டு சதவீதத்தில் பேசட்டும். தேர்வில் அதை எழுதிக்கொள்ளலாம்.

2003-ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லித் தடை செய்கிறது. இதை வகுப்பில் சொன்னேன். மீன்காரம்மாவின் மகள் விடவில்லை. "காலைல நாலு மணிக்கு காசிமேட்டுக்குப் போகணும் மிஸ். அந்த நேரத்துல பேங்க் குடுக்குமா?" என்றாள். அவள் கேட்டது சரியான கேள்வி. அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்று, நூறு ரூபாயைத் தண்டலுக்குக் கட்டியபிறகும் வீட்டுக்கு மிச்சம் கொண்டுவருகிற தொழிலில் அந்தக் கடன் ஒரு கூலிபோல ஓடிக்கொண்டிருக்கும். அதே தண்டலைத் திருவிழாவுக்கோ, செல்போனுக்கோ, காதுகுத்துக்கோ வாங்கினால் தினசரி நூறு ரூபாய் சாப்பாட்டிலிருந்து போகும். வகுப்பு இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடியது. கடன் வாங்காதே என்று ஒரு வரியில் முடித்திருந்தால் அந்தப் பெண் தன் அம்மாவைக் குறை சொல்வதாக எடுத்துக்கொண்டு வாயை மூடியிருப்பாள்.

அதன் பிறகு ஆண்டுதோறும் ஒரு பட்டியலைப் பிள்ளைகளையே தயாரிக்கச் சொல்வேன். வீட்டில் யார் என்ன கடன் வாங்கினார்கள் என்று பெயரில்லாமல் ஒரு தாளில் எழுதிப் போட வேண்டும். எல்லாவற்றையும் மாத வட்டியாக மாற்றிக் கரும்பலகையில் வரிசைப்படுத்துவோம். வங்கி நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வட்டிக்குள் வரும். கல்விக் கடனும் அப்படித்தான். அடகுக் கடை இரண்டு, மூன்று. தெரிந்தவரிடம் கைமாற்று மூன்றிலிருந்து ஐந்து. உச்சியில் தண்டலும் செல்போன் செயலிக் கடனும். பிள்ளைகளை அதிகம் திடுக்கிட வைத்தது பைக் கடன். கடைக்காரர் பத்து பெர்சென்ட் என்பார். ஒரு லட்சம், மூன்று வருடம், மாதம் 3,611 ரூபாய் தவணை. முப்பத்தாறு மாதத்தில் கட்டுவது 1,30,000. முழு ஒரு லட்சத்துக்கும் மூன்று வருடமும் வட்டி போட்டுவிட்டார்கள். பாதிக் கடனை அடைத்த பிறகும் ஒரு லட்சத்துக்கே வட்டி. உண்மையான வட்டி ஏறக்குறைய 18 சதவீதம், அதாவது ஒன்றரை வட்டி. 2024 அக்டோபரிலிருந்து எல்லாச் சில்லறைக் கடனுக்கும் கட்டணங்களைச் சேர்த்த ஆண்டு விகிதத்தை ஒரு முக்கிய விவர அறிக்கையில் எழுதித்தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி செய்திருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கச் சொல்லி இப்போது பழக்குகிறேன். கேட்டு வாங்கிய பையன்கள் இருக்கிறார்கள். அதில் இருவர் பைக்கை ஆறு மாதம் தள்ளிப்போட்டு, முன்பணத்தை ஏற்றிக் கட்டினார்கள்.

இதே கணக்கு ஏமாற்றுத் திட்டங்களையும் அடையாளம் காட்டிவிடும். மாதம் 25, 30 சதவீதம் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டியதாக 2022-இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டபோது ஆருத்ரா என்ற நிறுவனத்தின் பெயர் எல்லார் வாயிலும் இருந்தது. வகுப்பில் நான் ஒன்றும் விளக்கவில்லை. விடிகாலையில் மீன் வாங்கக் காசில்லாமல் நிற்பவர் கொடுப்பதே பத்து வட்டி, பணம் போட்டவருக்கு முப்பது வட்டி கொடுக்க ஒரு கம்பெனி எந்தத் தொழிலில் சம்பாதிக்கும் என்று மட்டும் கேட்டேன். "புதுசா சேர்றவங்க காசுதான் மிஸ்" என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது.

சம்பளச் சீட்டு வேறொரு பாடம். தாம்பரத்தில் இருந்தபோது ப்ளஸ் டூ முடித்த பெண்கள் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கு வேலைக்குப் போவார்கள். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்தது. பள்ளி முடித்த கையோடு பெண்கள் கம்பெனி பஸ் ஏறினார்கள். வந்த முதல் கேள்வி, "ஏன் மிஸ் இவ்ளோ பிடிக்கிறாங்க?" வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், இ.எஸ்.ஐ.க்கு அப்போது 1.75 சதவீதம். கைக்கு வராதது எல்லாம் போனது என்றே நினைத்திருந்தார்கள். நீ போடுகிற 12-க்கு ஈடாகக் கம்பெனியும் 12 போடுகிறது, அதில் 8.33 ஓய்வூதியத்துக்குப் போகிறது என்று சீட்டை விரித்து வைத்து வரிவரியாகக் காட்டினேன். இ.எஸ்.ஐ. அட்டையை வைத்து அம்மா, அப்பாவுக்கும் வைத்தியம் பார்க்கலாம் என்று தெரிந்ததும் ஒருத்தி அந்த வாரமே பதிவு செய்யப் போனாள். 2014 நவம்பரில் அந்த ஆலையில் உற்பத்தி நின்றது. பலர் வைப்பு நிதியை எடுத்துக் கல்யாணச் செலவில் சேர்த்தார்கள். வேறு வேலையில் சேர்ந்த சிலர் எடுக்காமல் மாற்றிக்கொண்டார்கள். பத்து ஆண்டுப் பணி சேர்ந்தால்தான் அந்த நிதியின் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி. ஒவ்வொரு வேலை மாறும்போதும் முழுக்க எடுத்துவிட்டால் அந்த ஆண்டுக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இருபது வயதில் இதைக் கேட்கும் பெண்ணுக்கு ஐம்பத்தெட்டு வயது வெகு தூரம். ஆனாலும் வைப்பு நிதிக் கணக்கின் யு.ஏ.என். எண்ணை எழுதி வைத்துக்கொள், வேலை மாறினாலும் அதே எண் என்பதை நான் விடாமல் சொல்வேன்.

சம்பளம் யாருடையது என்பதில்தான் வெளியிலிருந்து வந்து பேசுகிறவர்கள் தடுமாறிப்போகிறார்கள். முதலில் உனக்கென்று ஒரு பங்கை ஒதுக்கு என்பார்கள். எங்கள் பிள்ளைகள் முதல் சம்பளத்தை அப்படியே அம்மா கையில் கொடுப்பார்கள். அது பெருமை, கடமை. அதைத் தடுக்க நான் நினைத்ததே இல்லை. ஆனால் முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் செயலியில் கடன் வாங்கிய பையனைத் தெரியும். வீட்டில் கேட்கக் கூச்சம். மூவாயிரத்தில் தொடங்கி, ஒன்றை அடைக்க இன்னொன்று என்று வளர்ந்தது. அவன் செல்போனிலிருந்த எண்களுக்கெல்லாம் மிரட்டல் போனது. கடன் செயலி நம் தொடர்பு எண்களைத் தொடக்கூடாது என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்தது. அந்த விதியை மதிக்காத செயலியிடம் சிக்கினால் இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழைப்பதுதான் முதல் வேலை. அதற்குப் பிறகு ப்ளஸ் டூ வகுப்பில் நாங்கள் ஒரு பேச்சையே பழகிப் பார்க்கிறோம். வேலைக்குச் சேரும் முன்பே வீட்டில் உட்கார்ந்து, மாதம் வீட்டுக்கு இவ்வளவு, போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் இவ்வளவு, அக்காவின் கடன் முடியும்வரை கூட இவ்வளவு என்று பேசி முடிப்பது. ஒருவர் அம்மாவாக நடிப்பார், ஒருவர் மகனாக. அம்மாவாக நடிப்பவர்கள் கேட்கும் கேள்விகளைக் கேட்டால் அந்த வீடுகளின் நிலைமை அப்படியே தெரியும்.

வங்கிக் கணக்கு பிள்ளைகள் கைக்கு வந்தது கடந்த பத்துப் பதினைந்து ஆண்டில்தான். பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் தாங்களே கணக்கை இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-இல் சொன்னது. 2016-இல் யு.பி.ஐ. வந்தது, அதே ஆண்டு நவம்பரில் பணமதிப்பு நீக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. பதினெட்டு வயதில் தன் பெயரில், தன் கணக்கில், மாதா மாதம் பணம் விழுகிறது. எங்கள் காலத்துப் பெண்களுக்கு இது கிடைத்திருந்தால் எத்தனை பேர் கல்லூரி முடித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன்.

கணக்குப்பதிவியலில் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் என்று ஒரு பாடம் உண்டு. ரொக்க ஏட்டின் இருப்பும் வங்கிப் பாஸ்புத்தகத்தின் இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று கண்டுபிடிப்பது. ஆண்டாண்டாக மதிப்பெண்ணுக்காக நடத்திய அந்தப் பாடத்துக்கு யு.பி.ஐ. வந்தபிறகுதான் உயிர் வந்தது. ஒரு மாதம் செலவை நோட்டில் எழுது, பிறகு வங்கி அறிக்கையை எடுத்து ஒப்பிடு. நோட்டில் இல்லாமல் அறிக்கையில் மட்டும் இருப்பவைதான் அவர்களை விழிக்க வைக்கும். எப்போதோ சம்மதம் கொடுத்து, மாதா மாதம் தானாகப் போகும் 99 ரூபாய். குறுஞ்செய்திக் கட்டணம். டீக்கடையில் பத்து, இருபதாகக் கழிந்து மாதம் எண்ணூறைத் தொட்டது. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்கு என்று ஒன்று உண்டு, அதைக் கேட்டுத் திற என்பதையும் அந்த வகுப்பில்தான் சொல்கிறேன்.

இப்போது என்னை மிகவும் கவலைப்பட வைப்பது வாடகைக் கணக்கு. கல்லூரி முதலாண்டுப் பையனிடம் ஒரு அண்ணன் வருவார். உன் ஏ.டி.எம். அட்டையும் சிம்மும் கொடு, கணக்கில் பணம் வந்து போகும், உனக்கு ஐயாயிரம் என்பார். வந்து போவது எங்கோ யாரையோ ஏமாற்றிய பணம். புகார் வந்ததும் கணக்கு முடக்கப்படும். வேறு மாநிலக் காவல்துறையிடமிருந்துகூட அழைப்பு வரும். வழக்கு நிற்பது கணக்கு யார் பெயரிலோ அவர் பேரில். என் பழைய மாணவன் ஒருவனுக்கு இது நடந்தது. மாத உதவித்தொகையும் அந்தக் கணக்கிலேயே சிக்கிக்கொண்டது. அவன் அப்பா வழக்கறிஞரைத் தேடி அலைந்ததைப் பார்த்தேன். கடனைப் பற்றிப் பேசுவதைவிட இதைப் பற்றிப் பேச இப்போது அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். கடனை அடைத்துவிடலாம்.

ப்ளஸ் டூ தேர்வு மார்ச் கடைசியில் முடியும். முடிவு மே மாதம். நடுவிலுள்ள அந்த வாரங்களில்தான் பைக், செல்போன், கல்லூரி, கல்விக் கடன் எல்லாம் முடிவாகின்றன. பள்ளியில் அப்போது ஆளே இருக்காது. தலைமையாசிரியர்களிடம் கெஞ்சி அந்த வாரங்களில் வகுப்பறையைத் திறந்து வைக்கச் சொன்னது அதனால்தான். நான்கு லட்சம் வரை கல்விக் கடனுக்குப் பிணை வேண்டியதில்லை. படிப்புக் காலமும் முடிந்தபின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடும். கடன் பிள்ளையின் பெயரிலும் இருப்பதால், அப்பா கடிதங்களைப் பிரிக்காமல் வைத்தால் பின்னால் பாதிக்கப்படுவது பிள்ளையின் கடன் மதிப்பெண். இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றும் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் 2021 முதல் கலந்தாய்வு வழியாகப் பொறியியல் சேர்ந்தால், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அது தெரியாமல், தரகர் பேச்சைக் கேட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்து கடன் வாங்கிய பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கடனைப் பற்றித்தான் எனக்கு ஆற்றாமை.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஓர் ஏப்ரல் வகுப்புக்கு ஒரு மாணவியோடு அவள் அம்மாவும் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தார். அடுக்குமாடியில் வேலை முடித்து நேராக வந்திருந்தார். கரும்பலகையில் வட்டி வரிசை முடிந்ததும் கையைத் தூக்கி, தான் வாங்கியிருக்கும் மூன்று கடன்களையும் சொன்னார். மகளே எழுந்து வந்து கணக்குப் போட்டாள். எதை முதலில் அடைப்பது என்று தாயும் மகளும் அங்கேயே பேசி முடித்தார்கள். வளையலை வங்கி நகைக்கடனுக்கு மாற்றி, ஐந்து வட்டிக் கடனை அடைப்பது என்று முடிவு. அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து அழைப்பில் பெற்றோரையும் சேர்த்து எழுதுகிறோம். வேலைக்குப் போகும் அம்மாக்களுக்குத் தோதாக நேரத்தைக் காலை பத்திலிருந்து பிற்பகல் மூன்றுக்கு மாற்றினோம்.